பயத்தில் மலராத மல்லிகை

அனுப்புநர்:
ஈவ்லின் (வயது 17),
த/பெ. ஸ்டானிஸ்லாஸ்,
இரண்டாம் பி.யு.சி. மாணவி,
அக்ரஹாரம், மைசூரு.

பெறுநர்:
திரு. சேகரன் அவர்கள்,
மாவட்ட உணர்வாற்றல் பதிவு அலுவலர்,
மைசூரு.

பொருள்: என் வகுப்புத் தோழி சொர்ணலதாவின் (வயது 17) ஆற்றல் பயத்தால் எழுகிறது என்றும், அந்தப் பயத்துக்கு நானே காரணம் என்றும் தாங்கள் பிறப்பித்த உத்தரவை ரத்து செய்யவும், வரும் வியாழக்கிழமை அவளுக்குப் போடவிருக்கும் அடைப்பூசியை நிறுத்தவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இப்படித் தொடங்குவது முறை என்று என் தாயார் சொன்னதால் இப்படித் தொடங்கியிருக்கிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1. இது என் மூன்றாவது மனு. முந்தைய இரண்டையும் கன்னடத்தில் எழுதினேன். என் கன்னடம் என் தமிழைவிட நன்றாகவே இருக்கும். முதல் மனு மேசை மேசையாகப் போய், கடைசியில் "நடவடிக்கையில் உள்ளது" என்று சொல்லப்பட்டது. இரண்டாவதைத் தங்கள் எழுத்தர் திருப்பிக் கொடுத்துவிட்டார்; காரணத்தை அடுத்த பத்தியில் சொல்கிறேன். அந்த அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் தாங்கள் ஒருவர்தான் என்று சொர்ணலதாவை விசாரித்த அன்று தாங்களே பெருமையாகச் சொன்னீர்கள். அதனால்தான் இம்முறை தமிழ். இதை வேறு யார் தலையிலும் கட்டிவிட முடியாது. தாங்கள்தான் படித்தாக வேண்டும். என் தமிழ், ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் மறைக்கல்வி வகுப்பிலும் கற்றது. ஆங்காங்கே பிரசங்கம்போல் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. மனு பென்சிலில் இருப்பதற்கு வருந்துகிறேன். நான் கோபப்பட்டால் அருகிலுள்ள உலோகம் சூடாகும் என்பது தங்கள் பதிவிலேயே இருக்கிறது. தங்கள் பதவியின் பெயரை எழுதி முடிப்பதற்குள் பேனாவின் முனை இளகி, தாளெல்லாம் மை கொட்டிவிடுகிறது. இரண்டாவது மனுவில் கையொப்பத்தையும் பென்சிலில் போட்டிருந்தேன். பென்சில் கையொப்பம் செல்லாது என்று தங்கள் எழுத்தர் அதைத் திருப்பிவிட்டார். இந்த மனுவில் கையொப்பத்தை மட்டும் எப்படியாவது பேனாவில் போட முயல்கிறேன். என்னைப் பதிவு செய்த நாளில் தாங்கள் ஒரு பரிசோதனையும் செய்யவில்லை. நான் அறைக்குள் நுழைந்து உட்காரும் முன்பே "கோபம்" என்று எழுதிவிட்டீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அது சரியாகவே இருந்தது. சொர்ணலதாவுக்கோ அரை நாள் எடுத்துக்கொண்டு, நிதானமாகத் தவறு செய்தீர்கள்.

3. நடந்தது என்னவென்று தங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சொர்ணலதாவின் தாயார் மாதம்மா ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் அக்ரஹாரத்துக் கோயில் தெருமுனையில் பூக்கடை வைத்திருக்கிறார். அவள் தந்தைக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மாதம் ஒருமுறை வருவார். சொர்ணலதாவும் நானும் ஒரே வகுப்பு. வேதியியல் ஆய்வகத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. அங்கே என் கோபத்தால் இரும்புத் தாங்கி சூடாகும்போதெல்லாம் அவள் ஈரத் துணியை என் பக்கம் தள்ளுவாள். அவள் பக்கத்தில் இருக்கும்போது எனக்குக் கோபம் அதிகம் வருவதில்லை என்பதை இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அதுவரை, ஆய்வகத்தின் மின்விசிறிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

4. தாங்கள் பூ வாங்குபவரே தவிர விற்பவர் அல்ல என்பதால் ஒன்றை விளக்குகிறேன். மல்லிகையை மொக்காகத்தான் வாங்குவார்கள், மொக்காகத்தான் கட்டுவார்கள், மொக்காகத்தான் விற்பார்கள். காலையில் வந்த மொக்கு, வாங்கியவர் தலைக்குப் போய் மாலையில் மலர வேண்டும். காலையிலேயே மலர்ந்துவிட்ட பூவை யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். சொர்ணலதா கல்லூரிக்குப் புறப்படும் முன் தாயாருக்குப் பூக் கட்டிக் கொடுப்பாள். அவளைக் கூட்டிப்போக நான் கடைக்கு வருவேன். நான் வந்து நின்றதும் கூடையிலிருந்த மல்லிகை முழுதும் மலர்ந்துவிடும். ஒருநாள், இரண்டுநாள் அல்ல, நான் வந்த எல்லா நாளும். மாதம்மா முதலில் மொத்த வியாபாரியைச் சந்தேகித்தார், பிறகு வெயிலை, பிறகு என்னை. மகள்மேல்தான் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. என்னைக் கண்டால் கூடையைச் சேலைத் தலைப்பால் மூடுவார். மூடியும் பயனில்லை. கடைசியில் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார் என்று தங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கேட்டதெல்லாம், பூ வீணாகாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்பதுதான். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவர் கேட்கவில்லை.

5. அதன் பிறகு நான்காம் எண் அறையில் பரிசோதனை நடந்தது. மேசைமேல் ஒரு தட்டில் மல்லிகை மொக்கு. எதிரே சொர்ணலதா. மகிழ்ச்சியைச் சோதிக்க மைசூர்பாகு கொடுத்தீர்கள். அவளுக்கு நெய் வாசனை ஆகாது. மொக்கு அசையவில்லை. கோபத்தைச் சோதிக்க அவள் தந்தையைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினீர்கள். அசையவில்லை. அடுத்தது காதல். அதற்காகக் கொள்ளேகாலிலிருந்து அவளுடைய மாமன் மகன் மதனை வரவழைத்து எதிரே உட்கார வைத்தீர்கள். மதன் நல்லவர், பட்டுத்தறிக் கூடத்தில் வேலை. வந்ததிலிருந்து போகும்வரை கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அவரிடம் ஸ்கோர் மட்டும்தான் கேட்டாள். ஒரு மொக்குகூடத் திறக்கவில்லை. உடனே தாங்கள் "காதல்: இல்லை" என்று எழுதிக் கீழே கோடும் போட்டீர்கள். மாமன் மகனுக்கு மலராதவள் வேறு யாருக்கு மலரப்போகிறாள் என்று கேட்டுச் சிரித்ததையும் நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

6. காலையிலிருந்து நான் வெளியே நின்றது அவளுடைய சாப்பாட்டு டப்பாவைக் கொடுப்பதற்காக. மதியமாகிவிட்டதால் காவலர் என்னை உள்ளே அனுப்பினார். நான் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் தட்டிலிருந்த மொக்கு அத்தனையும் சேர்ந்தாற்போல் மலர்ந்தது. அறை முழுக்க மணம். மாதம்மாவின் கொண்டையில் இருந்த சரமும் மலர்ந்தது. சொர்ணலதாவின் கை நடுங்கியது, முகம் சிவந்தது, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். தாங்கள் எழுந்து நின்று, கண்டுபிடித்துவிட்டேன் என்ற குரலில், "பயம்" என்றீர்கள். நான் உலோகத்தைச் சூடாக்கும் பெண் என்பதால் அவள் என்னைக் கண்டு நடுங்குகிறாள் என்று மாதம்மாவுக்கு விளக்கமும் கொடுத்தீர்கள். பயமா என்று அவளிடம் கேட்டீர்கள். பெற்ற தாய் ஒரு பக்கம், மாமன் மகன் ஒரு பக்கம், அரசு அதிகாரி எதிரே. அந்த இடத்தில் பதினேழு வயதுப் பெண் என்ன சொல்லுவாள் என்று தாங்கள் எதிர்பார்த்தீர்கள்? மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு முத்திரை குத்தினீர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. பேச வேண்டாம் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

7. ஐயா, தாங்கள் படித்தவர், பெரிய பதவியில் இருப்பவர். ஒரு சின்ன விஷயத்தைக் கேட்கிறேன். சொர்ணலதா அன்று பயந்தது உண்மை. காலையிலிருந்தே பயந்தாள். தங்களுக்குப் பயந்தாள். தாங்கள் மேசையைத் தட்டிச் சத்தம் போட்டபோது அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டதை நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தனை நேரமும் தட்டிலிருந்த மொக்கு மொக்காகவே இருந்தது. பயத்தால் மலர்வதாக இருந்தால் தாங்கள் முதல் அதட்டல் போட்டபோதே மலர்ந்திருக்க வேண்டாமா? அரை நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? தெரியாமல் போகவில்லை என்றே நினைக்கிறேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்து நடுங்கினால் அதற்குத் தங்களிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதை எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனீர்கள்.

8. உத்தரவின்படி அவளை ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையிலுள்ள தங்கள் அமைதி விடுதியில் வைத்திருக்கிறீர்கள். நான் "பயமூட்டும் நபர்" என்று அறிவிக்கப்பட்டு, அந்தச் சாலைப் பக்கமே போகக்கூடாது என்று தடை. தடையை மீறிப் போனேன். மறைக்கவில்லை. விடுதியின் இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றேன். அந்தக் கேட் சிவந்து, நடுவில் வளைந்துவிட்டது. காவலாளி தொட்டையன் தெரியாமல் அதில் கை வைத்துவிட்டார். என் தாயார் டோரதி செவிலியர். அவர் கொடுத்த களிம்பை எடுத்துப்போய் நானே தொட்டையனுக்குப் போட்டு மன்னிப்பும் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை, "ஹோகம்மா, மனேகெ ஹோகு" என்று வீட்டுக்குப் போகச் சொன்னார். தொட்டையனின் கைக்காக வருந்துகிறேன். கேட்டுக்காக வருந்தவில்லை. அதற்கான நோட்டீசை அனுப்புங்கள், பெற்றுக்கொள்கிறேன்.

9. இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அந்தக் கேட் பூட்டோடு உருகி விழுந்திருக்கும். நான்தான் திரும்பி வந்தேன். விடுதியின் மாடிச் சன்னலில் சொர்ணலதா நின்று, வேண்டாம் என்று கை காட்டினாள். அவள் சொன்னது சரி. கோபத்தால் கதவைத் திறந்து அவளை வெளியே கொண்டுவந்தால், தாங்கள் எழுதிய "பயமூட்டும் நபர்" உண்மையாகிவிடும். அந்த உதவியைத் தங்களுக்குச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்து பென்சிலைச் சீவினேன்.

10. இனி ஊசி. அடைப்பூசிக்கு உணர்வின் பெயர் தெரியாது. ஆற்றல் எழும் நேரத்தில் மனதில் எது இருக்கிறதோ அதை அது அடைத்துவிடும். இது என் தாயார் சொன்னது. வியாழக்கிழமை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரி அடையாள அட்டையிலிருந்து என் புகைப்படத்தை வாங்கியிருக்கிறீர்கள். அதை அவள் முன்னால் காட்டுவீர்கள். மொக்கு விரியும் நேரத்தில் ஊசியைப் போடுவீர்கள். பயம் போய்விட்டது என்று எழுதுவீர்கள். போவது பயமாக இருக்காது.

11. எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ரொனால்டுக்குப் போன வருடம் இந்த ஊசி போட்டீர்கள். அவன் சிரித்தால் தெருவிளக்கெல்லாம் எரியும். அது ஒரு தொல்லை என்று மின்வாரியத்தார் புகார் கொடுத்தார்கள். இப்போது தெருவிளக்கு ஒழுங்காக இருக்கிறது. அவனுடைய அக்காள் கல்யாணத்தில் எல்லோரும் கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் எதற்காகச் சத்தம் போடுகிறார்கள் என்று என்னிடம் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவன் தாயார் பந்தியிலிருந்து எழுந்து உள்ளே போனார். வெள்ளிக்கிழமை நான் சொர்ணலதாவின் முன்னால் போய் நின்றால் அவளும் என்னை அப்படித்தான் பார்ப்பாள். அதை நினைத்தால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை. கை குளிர்ந்துபோகிறது. பயம் என்பது அதுதான் ஐயா. என்னிடம் இருக்கிறது, வந்து பதிவு செய்துகொள்ளுங்கள்.

12. மாதம்மா போன ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போய் மகளைப் பார்த்தார். அவர் தலையில் மொக்குச் சரம் இருந்தது. சாப்பாட்டைப் பற்றிப் பேசினார், தந்தையைப் பற்றிப் பேசினார், கல்லூரி திறந்துவிட்டதைப் பற்றிப் பேசினார். மகள் தலையாட்டிக்கொண்டே இருந்தாளாம். எழுந்து புறப்படும்போது, ஈவ்லின் கடைப் பக்கம் வந்து விசாரித்தாள் என்று மாதம்மா சொல்லியிருக்கிறார். சொன்னதும் அவர் தலையிலிருந்த சரம் மலர்ந்துவிட்டது. நான் அங்கே இல்லை. என் கோபமும் இல்லை, சூடும் இல்லை. வெறும் பெயர். மகள் அழுதுகொண்டே சிரித்தாளாம்.

13. அங்கிருந்து மாதம்மா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். மலர்ந்த சரத்தைத் தலையிலிருந்து எடுத்து எங்கள் மேசைமேல் வைத்தார். என் தாயார் கொடுத்த காபியைத் தொடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தாங்கள் கேட்காமல் விட்ட சாட்சியம் இது:

"பூவ நான் அன்னாடும் பாக்கறவ கண்ணு. பயந்த புள்ள பூவ எதுக்குப் பூக்க வெக்கோணும்? எனக்கு இது புடிக்கலை. புடிக்கலீன்னா இல்லாமப் போயிருமா?"

என் தாயாருக்கும் இது பிடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் இரண்டு சொல்லுக்குமேல் பேசுவதில்லை. ஜெபமாலை மட்டும் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் தொட்டையனுக்கான களிம்பை என் பையில் வைத்தவர் அவர்தான். ஊசியைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அவர்தான். எங்கள் இருவருடைய தாயாருக்கும் பிடிக்காத ஒன்றை அவர்களே ஒப்புக்கொண்ட பிறகு, தாங்கள் மட்டும் எதைக் காப்பாற்றுவதற்காக அதற்குப் பயம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை.

14. தங்கள் உத்தரவை நம்பி ஊசிக்கு மாதம்மா கொடுத்த சம்மதத்தை அவர் திரும்பப் பெறுகிறார். அதற்கடுத்த சனிக்கிழமை நேரில் வந்து சொன்னபோது, கொடுத்த சம்மதம் கொடுத்ததுதான் என்று தங்கள் எழுத்தர் அவரை வெளியே அனுப்பினார். அதனால் இந்த மனுவின் கீழே அவரும் கையெழுத்திடுகிறார். பூக்கடைக்காரி, படிக்காதவர் என்று இதையும் தள்ளிவிட்டால் அடுத்த முறை அவர் தனியாக வரமாட்டார். தெருமுனையில் பூ விற்கும் பெண்கள் அனைவரும் கூடையோடு தங்கள் வாசலில் உட்காருவார்கள். நானும் வருவேன். கதவின் கைப்பிடியைத் தொடாமல் நிற்க என்னால் முடிந்தவரை முயல்வேன்.

15. ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது இதுதான். இந்த மனுவோடு, ஈரமான வாழையிலையில் சுற்றி ஒரு முழம் மல்லிகை மொக்கு இணைத்திருக்கிறேன். இன்று காலை மாதம்மா கட்டியது. தங்கள் கைக்கு வரும்போது மூடியே இருக்கும். மாலையில் பூ தானாக மலர்ந்துவிடும், பிறகு எதுவும் தெரியாது. அதனால் அதற்கு முன்பே தாங்கள் விடுதிக்குப் போக வேண்டும். என்னைக் கூப்பிட வேண்டாம். புகைப்படமும் வேண்டாம். மேசையைத் தட்ட வேண்டாம். சரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, இதை அனுப்பியது யார் என்று மட்டும் சொல்லுங்கள். மொக்காகவே இருந்தால் என்னைத் தங்கள் உத்தரவில் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அதன்பிறகு ஒரு மனுவும் எழுத மாட்டேன்.

16. மலர்ந்தால், தாங்கள் கீழே கோடு போட்ட அந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள். அங்கே எழுத வேண்டிய சொல் தங்களுக்குத் தெரியும். எழுதிவிட்டு ஊசியை நிறுத்துங்கள், அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். மலர்ந்த பூவை யாரும் வாங்க மாட்டார்கள் என்று முன்பே சொன்னேன். அதனால் அந்தச் சரத்தை அலுவலகத்துக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம். அவளே வைத்துக்கொள்ளட்டும்.

தங்கள் நடவடிக்கைக்காக வியாழக்கிழமை வரை மட்டுமே காத்திருக்க முடியும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: மைசூரு
நாள்: 09.06.2025

இப்படிக்கு,
ஈவ்லின்

சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்:
மாதம்மா, பூக்கடை, அக்ரஹாரம்

இணைப்பு: மல்லிகை மொக்கு, ஒரு முழம்.

குறிப்பு: என் கையொப்பம் பேனாவில் இருப்பதைத் தங்கள் எழுத்தரிடம் காட்டவும். தங்களை நினைத்துக்கொண்டு போட முயன்றபோது மூன்று பேனா போயிற்று. பிறகு தங்களை மறந்துவிட்டு, சொர்ணலதா ஈரத் துணியை என் பக்கம் தள்ளுவதை நினைத்துக்கொண்டேன். என் பெயரின் கடைசி எழுத்து வரை பேனா குளிர்ச்சியாகவே இருந்தது.